பீஸ் ஸ்டேஷன் என்று நம்பி மூட்டை கட்டுவதற்கு முன்: ஒரு படைவீரரின் மனைவி எழுதுவது

என் கணவர் தரைப்படையில், காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் ஹவில்தார். 2015 கடைசியில் காஷ்மீருக்குப் போனவர் 2021 வரை அங்கேயேதான் இருந்தார் என்று சொல்லிவிடலாம். நடுவில் ஓராண்டுகூட நிறையாத ஓர் இடைவெளி கிடைத்தது. அதையும் சரியாக அனுபவிக்க முடியவில்லை. 'பட்டாளத்துக்காரன் என்றால் எல்லையில்தானே இருப்பான், இதில் என்ன அதிசயம்' என்று உறவுக்காரர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. ராணுவத்தில் ஃபீல்டு (எல்லை போன்ற ஆபத்தான இடம்) என்றும் பீஸ் (அமைதியான ஊர்) என்றும் இரண்டு வகை இடங்கள் உண்டு. ஃபீல்டில் சில ஆண்டுகள் இருந்தால் பிறகு பீஸில் சில ஆண்டுகள், குடும்பத்தை அழைத்து வைத்துக்கொண்டு இருக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாடு ஒரு மனிதனுக்குக் கிடைக்காமல் நழுவிப்போவது எப்படி என்று எனக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், பிள்ளைகளின் படிப்பும் ஒரு வருடம் அலைக்கழிந்திருக்காது. எங்கள் வேலூர் மாவட்டத்தில் வீட்டுக்கொருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். இத்தனை பேர் இருந்தும் இந்தக் கணக்கைப் பெண்களிடம் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2015இல் அவருடைய பட்டாலியன் ஃபீல்டில் இருந்தது. அது பீஸுக்கு இறங்கப்போகிறது என்று பேச்சு அடிபட்ட நேரத்தில் இவருக்கு ஆர்.ஆர். போஸ்டிங் வந்தது. ஆர்.ஆர். என்றால் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ். காஷ்மீரில் தீவிரவாதிகளை எதிர்கொள்வதற்கென்று 1990இல் தொடங்கிய படை. அதற்கென்று தனியாக ஆள் எடுப்பதில்லை. மற்ற ரெஜிமென்ட்டுகளிலிருந்து வீரர்களை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு அனுப்புகிறார்கள், முடிந்ததும் அவரவர் யூனிட்டுக்குத் திரும்புகிறார்கள். இவர் தெற்கு காஷ்மீருக்குப் போனார். பட்டாலியன் அம்பாலாவுக்கு, அதாவது பீஸுக்குப் போனது. அவருடன் சேர்ந்து பயிற்சி முடித்தவர்களின் மனைவிகள் எல்லாம் அம்பாலா குவார்ட்டர்ஸில் இருந்து படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க வேண்டிய விஷயமாக அதை நான் நினைக்கவில்லை.

2016 ஜூலையில் தீவிரவாதத் தளபதி புர்ஹான் வானி கொல்லப்பட்டபின் பள்ளத்தாக்கு முழுக்கக் கலவரம். செல்போன் சேவைகளை நிறுத்திவிட்டார்கள். பி.எஸ்.என்.எல். போஸ்ட்பெய்டு மட்டும் வேலை செய்தது. அவரிடம் இருந்தது வேறு சிம். யூனிட் போனில் வரிசையில் நின்று, 'நன்றாக இருக்கிறேன், அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா' என்று இரண்டு வரி பேசுவார், வைத்துவிடுவார். மற்ற நாளெல்லாம் நான் டிவியில் ஓடும் எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே போகும் கணவர், மகன் யாராக இருந்தாலும், அவர் எண் இல்லாமல் வேறு இரண்டு எண்கள் உங்களிடம் இருக்க வேண்டும். ஒன்று, நாம் ஊரிலிருந்தே அவருடைய யூனிட்டின் பின்தளப் பிரிவில் பேசக்கூடிய எண். இன்னொன்று, அவருடன் இருக்கும் நம் பக்கத்து ஊர்க்காரரின் வீட்டு எண். ஒரு வீட்டுக்குச் செய்தி வந்தால் பத்து வீட்டுக்குப் போய்ச் சேரும். நாங்கள் சில பெண்கள் அப்படித்தான் அந்த மாதங்களைக் கடந்தோம்.

2018 தொடக்கத்தில் ஆர்.ஆர். முடிந்து அம்பாலாவில் பட்டாலியனில் சேர்ந்தார். வீட்டில் அன்று பாயசம் வைத்தேன். ஏப்ரலில் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினோம். அத்தை, அதாவது என் மாமியார், நாத்தனார் வீட்டுக்கு ஓசூர் போனார். அம்பாலாவில் குவார்ட்டர்ஸுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. வெளியே வீடு பிடித்தோம். முன்பணம், கட்டில், ஃப்ரிட்ஜ், பள்ளிச் சேர்க்கைக் கட்டணம், சீருடை, மகளுக்கு ஹிந்தி ட்யூஷன் என்று கையிருப்பு கரைந்தது. கரைந்தால் என்ன, மூன்று வருடம் சேர்ந்து இருக்கப்போகிறோமே என்ற நிம்மதி இருந்தது.

அந்த மூன்று வருடம் பட்டாலியனுக்குக் கொடுக்கப்பட்டது, அவருக்கு அல்ல என்பது எனக்குத் தெரியாது. பட்டாலியன் 2016இலேயே அம்பாலா வந்துவிட்டது. அது பீஸ் காலத்தில் பெரும்பகுதியை முடித்திருந்த நேரத்தில்தான் இவர் போய்ச் சேர்ந்தார். பந்தி எழும் நேரத்தில் இலை போட்டு உட்கார்ந்தவர் நிலைமைதான். தீபாவளி கழிந்ததும் மூவ்மென்ட், அதாவது பட்டாலியன் இடம் மாறும் பேச்சு வந்தது. பொங்கலுக்கு முன்பே அட்வான்ஸ் பார்ட்டியில், அதாவது முன்கூட்டியே போகும் குழுவில், அவர் பெயர். ஆர்.ஆர். முடித்து அனுபவத்தோடு வந்தவர் என்பதால் முதலில் போகச் சரியான ஆள் என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவருக்கு அதில் பெருமைகூட இருந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது. மறுபடியும் காஷ்மீர். இந்த முறை எல்.சி., எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு.

அவருடைய கறுப்புத் தகரப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் எண், ரேங்க், பெயர், அதன் கீழே யூனிட் முகவரி எழுதியிருக்கும். ஆர்.ஆர். முகவரியின் மேல் கறுப்புப் பூசி, அதன் மேல் பட்டாலியன் முகவரியை அவரே எழுதியிருந்தார். ஓரங்களில் பழைய எழுத்து லேசாகத் தெரியும். இப்போது அதன் மேலும் கறுப்பு பூசினார். மகன் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, 'இந்த முறை அம்பாலா என்று எழுதவே இல்லையே அப்பா' என்று கேட்டான். அவர் பதில் சொல்லாமல் பூசிக்கொண்டே இருந்தார்.

பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் நாற்பது பேர் இறந்தார்கள். அவர்களில் நம் தூத்துக்குடி, அரியலூர் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டு வாரத்திற்குள் பாகிஸ்தானில் உள்ள பாலாகோட் மீது நம் விமானப்படைத் தாக்குதல். அம்பாலா விமானப்படைத் தளம் உள்ள ஊர். இரவில் விமானங்கள் கிளம்பும் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும். மொழி தெரியாத ஊரில், இரண்டு பிள்ளைகளோடு, கணவர் எல்லையில். மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் சாமான்களைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பினேன். போனது, வந்தது, விற்றதில் நட்டம், ஊர்ப் பள்ளியில் மறுபடியும் கட்டிய சேர்க்கைக் கட்டணம் எல்லாம் கூட்டினால் ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது. இடமாற்றத்திற்கான பயணச் செலவும் சாமான் செலவும் அரசு தரும். ஆனால் குறித்த காலத்துக்குள் க்ளெய்ம் போட வேண்டும். அவர் போட்டிருந்ததால் ஒரு பகுதி திரும்பி வந்தது. டிக்கெட், லாரி ரசீது, வீட்டு வாடகை ஒப்பந்தம் எதையும் தூக்கிப்போடாதீர்கள்.

இனி, மூட்டை கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள். காலாட்படையில் பட்டாலியன் மொத்தமாக இடம் மாறும். சிக்னல்ஸ் (தகவல் தொடர்பு), இ.எம்.இ. (இயந்திரப் பராமரிப்பு), ஏ.எஸ்.சி. (பொருள் வழங்கல்) போன்ற பிரிவுகளில் பெரும்பாலும் ஆளாளுக்குத் தனித்தனியாக, பணிப் பதிவுகளைக் கவனிக்கும் ரெக்கார்டு ஆபீஸ் போஸ்டிங் போடுகிறது. உங்கள் வீட்டுக்காரர் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். காலாட்படை என்றால், 'உங்களுக்கு எப்போது பீஸ் தொடங்குகிறது' என்று கேட்காதீர்கள். 'யூனிட் இந்த ஊருக்கு எந்த மாதம், எந்த வருடம் வந்தது' என்று கேளுங்கள். வந்து ஒன்றரை வருடம் தாண்டியிருந்தால், குடும்பத்தை மாற்றுவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். மூவ்மென்ட் தேதியை யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது, நாமும் கேட்கக் கூடாது. வந்த தேதி ரகசியம் அல்ல, அது போதும். அதோடு, ஃபீல்டுக்குப் போகும் வீரரின் குடும்பத்திற்கென்று எஸ்.எஃப்.ஏ. என்ற தனிக் குடியிருப்புகள் சில ஊர்களில் உண்டு. பிள்ளைகள் படிப்பு நடுவில் நிற்காதபடி, இருக்கும் குவார்ட்டர்ஸைக் கல்வியாண்டு முடியும்வரை வைத்துக்கொள்ளவும் எழுதிக் கேட்கலாம். கேந்திரிய வித்யாலயாவில் சேர்த்திருந்தால் வேறு ஊர் கேந்திரிய வித்யாலயாவுக்கு மாற்றிக்கொள்வதும் எளிது. நாங்கள் சேர்த்தது வீட்டருகே இருந்த தனியார் பள்ளி.

அவர் பெயரில் ஷீட் ரோல் என்று ஒரு பணிப் பதிவேடு இருக்கும். திருமணம், குழந்தை பிறப்பு, போஸ்டிங், விடுப்பு என ஒவ்வொன்றும் பார்ட் டூ ஆர்டராக, அதாவது அதிகாரப்பூர்வ உத்தரவாக, வெளியாகி அதில் ஏறும். ஆர்.ஆர்.க்குப் போன தேதியும் திரும்பிய தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மனிதர் தொடர்ந்து எத்தனை காலம் ஃபீல்டில் இருந்திருக்கிறார் என்பதற்கு அந்தப் பதிவுதான் சாட்சி. 'எங்கள் வீட்டுக்காரர் ஆறு வருடமாக காஷ்மீரில்' என்று நாம் அழுதால் அது அழுகை மட்டுமே. தேதிகளோடு காகிதத்தில் இருந்தால் அது கோரிக்கை.

2019 ஆகஸ்ட் 5 அன்று, காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்தை நீக்கியபோது, மறுபடியும் தொடர்பு அறுந்தது. அந்த முறை லேண்ட்லைன் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். போஸ்ட்பெய்டு செல்போன் அக்டோபர் நடுவில்தான் திரும்பியது. அந்த வருடக் கடைசியில் லீவில் வந்தபோது எங்கள் வீட்டுக்கு வேறு ஒருவர் வந்ததைப் போல இருந்தது. கட்டிலில் படுக்க மாட்டார். கூடத்தில் கதவைப் பார்த்தபடி தரையில் படுப்பார். நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவார். மகள் ஒரு நாள் பக்கத்து வீட்டில், 'எங்கள் வீட்டுக்கு அப்பா வந்திருக்கிறார்' என்று சொன்னாள். விருந்தாளி வந்திருப்பதைச் சொல்லும் தொனி அது. லீவு முடிந்து அவர் கிளம்பும்போது எனக்குத் துக்கத்தோடு சின்ன ஆறுதலும் இருந்தது. அதற்காக என்னையே வெறுத்தேன். இதைப் பிற பெண்களிடம் சொன்னபோது, ஏறக்குறைய எல்லோருமே 'எனக்கும் அப்படித்தான்' என்றார்கள். அதனால் வெட்கப்படாமல் சொல்கிறேன். தூக்கம் கெடுவதும் எரிந்து விழுவதும் குணக்கேடு அல்ல, தொடர்ந்து ஆபத்தில் இருந்த உடம்பின் இயல்பு. மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. 2023 டிசம்பரில் படையினருக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் அதன் தனிப் பிரிவைத் தொடங்கினார்கள். அப்போது எங்களுக்கு இது கிடைக்கவில்லை. இப்போது இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

விடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜவான்களுக்கு ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. காகிதத்தில் அது நிறையவே. ஃபீல்டில் ஆள் குறைவாக இருந்தால், நிலைமை சரியில்லை என்றால் கிடைக்காது. கிடைக்காமல்போன ஆண்டு விடுப்பில் ஆண்டுக்கு 30 நாள் வரை சேர்த்துவைத்து, மொத்தம் 300 நாள் வரை ஓய்வின்போது பணமாகப் பெறலாம். அதற்கும் அந்தந்த ஆண்டிலேயே பார்ட் டூ ஆர்டர் வெளியாகியிருக்க வேண்டும். லீவு வரவில்லை என்று சண்டை போடும்போதே, அந்த நாட்கள் கணக்கில் ஏறிவிட்டனவா என்றும் கேட்டுவிடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, ஃபீல்டு படிகளை நம்பி மாதத் தவணை வைக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு தம்பி சியாச்சின் போனார். அங்கே இருக்கும் காலத்துக்கு ஜவான்களுக்குத் தரும் படியை 2017இல் மாதம் 30,000 ரூபாய் ஆக்கினார்கள். பனிமலைச் சாவடியில் பொதுவாக மூன்று மாத அளவில்தான் வைத்திருப்பார்கள், அதற்கு மேல் உடம்பு தாங்காது. வீட்டில் அந்தத் தொகையைச் சம்பளம் என்றே கணக்கு வைத்து வண்டி வாங்கிவிட்டார்கள். கீழே இறங்கியதும் படி நின்றது, தவணை நிற்கவில்லை.

2020 தொடக்கத்தில் அத்தைக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் செயலிழந்தது, பேச்சும் குழறியது. மாமா முன்பே காலமாகிவிட்டார். அத்தையை நம் வீட்டுக்கே கூட்டிவந்தேன். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தபோதே மார்ச்சில் ஊரடங்கு. அவர் லீவு ரத்தானது. ஜூனில் லடாக்கின் கல்வானில் சீனப் படையுடனான மோதலில் நம் வீரர்கள் இருபது பேர் இறந்தார்கள். ராமநாதபுரத்து ஹவில்தார் பழனியின் உடல் வந்ததை டிவியில் காட்டினார்கள். அத்தைக்குப் பேச வராது. டிவியையே பார்த்து அழுதார். நான் அணைத்துவிட்டேன். அன்று இரவுதான் காம்பாஷனேட் போஸ்டிங், அதாவது குடும்பக் கஷ்டத்தை முன்னிட்டு ஊருக்கு அருகே இடமாற்றம், கேட்டே ஆக வேண்டும் என்று அவரிடம் பிடிவாதமாகச் சொன்னேன். அவர் தயங்கினார். கூட இருப்பவர்களை விட்டுவிட்டு வருவதா என்ற கூச்சம் அவருக்கு. அந்தக் கூச்சம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை.

இந்த விண்ணப்பம் எப்படி நகர்கிறது என்று தெரியாமல் பல மாதங்கள் போயின. மனைவி நேரடியாக ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதினால் பயனில்லை. வீரர் தன் யூனிட் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஊரிலிருந்து நாம் ஆதாரங்களை அனுப்ப வேண்டும். எங்கள் கோப்பு ஒரு முறை திரும்பி வந்தது. மருத்துவர் சான்றில் நோயின் பெயர் இருந்தது. தொடர்ந்து ஒருவர் உடனிருந்து கவனிக்க வேண்டிய நிலை என்ற வரி இல்லை. வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை என்பதற்குத் தாசில்தார் சான்று, மாமாவின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் கேட்டார்கள். அத்தையின் மகள் ஓசூரில் இருக்கிறாரே என்றும் ஒரு கேள்வி. நாத்தனார் தன் மாமனாரைக் கவனித்துக்கொண்டிருப்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வந்து விசாரித்துப் போனார்கள். பெயரில் முன்னாள் படைவீரர் என்று இருப்பதால், பணியில் இருப்பவர்களின் குடும்பத்துக்கு அங்கே வேலையில்லை என்று நான் நினைத்திருந்தேன். அது தவறு என்று எங்கள் ஊர் ஓய்வுபெற்ற சுபேதார் ஐயா சொல்லித்தான் தெரிந்தது. அவரே எனக்கு விண்ணப்பத்தையும் படித்துத் திருத்தித் தந்தார்.

2021 பிப்ரவரி 25 அன்று எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச் சூட்டை நிறுத்த இரு நாட்டு ராணுவமும் ஒப்புக்கொண்டன. அந்த வசந்தத்தில்தான் தமிழ்நாட்டில் ஒரு என்.சி.சி. பட்டாலியனுக்கு அவருக்கு போஸ்டிங் வந்தது. இரண்டாவது அலை முடிந்து அவர் வந்து சேரும்போது அத்தை இருந்தார். மகன் கையால் சில மாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அந்த ஒன்றுக்காகவே அத்தனை அலைச்சலும் தகும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ராணுவத்தின் மீது வெறுப்பு இல்லை. நிலைமையும் தெரிகிறது. 2020க்குப் பிறகு கிழக்கு லடாக்கில் பல்லாயிரம் பேரைக் கூடுதலாக நிறுத்த வேண்டி வந்தது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் தரைப்படைக்குப் புதிதாக ஜவான்களை எடுக்கவே இல்லை, 2022இல் அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டம் வந்த பிறகுதான் மறுபடி எடுத்தார்கள். ஆள் குறைந்தால் இருப்பவர் தோளில் சுமை ஏறும். ஆனாலும் கணக்கை யூனிட்டுக்கு மட்டும் பார்க்காமல் ஆளுக்கு ஆள் பார்க்க முடியாதா என்று கேட்கிறேன். பிரிட்டன் தரைப்படையில் ஆறு மாதப் போர்க்களப் பணிக்குப் பிறகு 24 மாத இடைவெளி வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. அமெரிக்காவில் 2007 ஏப்ரலில், ஈராக், ஆப்கானிஸ்தான் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டிய பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், திரும்பிய பின் 12 மாதம் வீட்டில் இருக்கலாம் என்ற உறுதியையும் சேர்த்தே கொடுத்தார். அடுத்த ஆண்டே பழைய 12 மாதத்துக்குத் திரும்பினார்கள். அங்கேயும் குறைகள் இருக்கும். ஆனால் இடைவெளி என்பது எழுத்தில் இருக்கிறது, அதைச் சுட்டிக்காட்டிக் கேட்க முடிகிறது. ஆர்.ஆர். முடித்து வரும் ஒருவர், யூனிட் எங்கே இருந்தாலும், ஓராண்டாவது குடும்பத்தோடு இருந்த பிறகே மறுபடி எல்லைக்குப் போக வேண்டும் என்று ஒரு வரி இருந்தால் போதும். என் மகன் அம்பாலாவை விட்டு அழுதுகொண்டு வந்திருக்க மாட்டான்.

கடைசியாகச் சில காகிதங்கள். அவர் லீவில் இருக்கும்போதே சேமிப்புக் கணக்கை இருவர் பெயருக்கும் மாற்றிக்கொள்ளுங்கள். காப்பீட்டில் நாமினி யார் என்று கண்ணால் பாருங்கள், திருமணத்துக்கு முன் போட்ட அம்மா பெயரே பலருக்கு அப்படியே இருக்கும். நிலம், பட்டா விவகாரம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பவர் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். டிபென்டன்ட் கார்டில், அதாவது அவரைச் சார்ந்திருப்போருக்கான அட்டையில், பெற்றோர் பெயரைச் சேர்க்க வருமான வரம்பு உண்டு, தகுதி இருந்தால் உடனே சேர்த்துவிடுங்கள், ராணுவ மருத்துவமனைக்கு அது இல்லாமல் போக முடியாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்னாள் படைவீரர்களுக்கும் படையில் பணிபுரிவோரின் குடும்பத்துக்கும் தனியாகக் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். தேதியை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப்போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.